பாதி வழியில் கப்பல் ஏறுவதும் டிப்ஸ் கணக்கும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கடந்த டிசம்பரில் மந்தைவெளியில் இருந்து ஒரு தம்பதியர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள். கணவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாற்காலியில்கூட உட்காராமல், கப்பலில் கொடுத்த கணக்குத் தாளை மேசைமேல் விரித்தார். ஒரு வரியைப் பென்சிலால் சுற்றி வட்டம் போட்டிருந்தார். 'கிராஜுவிட்டி, 504 டாலர்.' "பணிக்கொடை என்பது நான் வாங்க வேண்டியது, சார். முப்பத்தைந்து வருஷம் உழைத்து வாங்கியும்விட்டேன். இங்கே என்னடாவென்றால் நான் கொடுக்க வேண்டும் என்று போட்டிருக்கிறார்கள்!"

கப்பலில் கிராஜுவிட்டி என்றால் டிப்ஸ். கேட்டவுடன் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. நாங்கள் எழுதிக் கொடுத்த மதிப்பீட்டுத் தாளில் கப்பல் கட்டணம், துறைமுகக் கட்டணம், வரி, விமானம், விசா, காப்பீடு எல்லாம் இருந்தன. டிப்ஸ் மட்டும் அதில் இல்லை. கப்பலில் போய்த் தெரிந்துகொள்வார்கள் என்று விட்டுவிட்டோம். 40,000 ரூபாய்க்கு மேல் வரும் ஒரு செலவைக் கப்பலில் போய்த் தெரிந்துகொள்ளச் சொல்வது முறையல்ல. தவறு எங்களுடையது.

கப்பலில் கொடுத்த கணக்குத் தாளில் அவர் கவனிக்காத ஒன்றும் இருந்தது. துபாயில் கிளம்பி சிங்கப்பூர் போகும் 14 இரவுப் பயணம் அது. இவர்கள் துபாயில் ஏறவில்லை; நான்கு இரவுகள் கழித்து மும்பையில்தான் ஏறினார்கள். கப்பலில் தூங்கியது பத்து இரவு. டிப்ஸ் பிடித்ததோ பதினான்கு இரவுக்கு. ஒருவருக்கு ஓர் இரவுக்கு 18 டாலர் என்ற கணக்கில், இருவருக்கு 360 டாலர் போதும். 144 டாலர் அதிகம். கப்பல் கம்பெனிக்கு எழுதினோம். மூன்று வாரம் கழித்து அவர் கார்டுக்கே பணம் திரும்பி வந்தது. இறங்குவதற்கு முன்பு கப்பலின் வரவேற்பு மேசையில் கேட்டிருந்தால் அங்கேயே கழித்துக் கொடுத்திருப்பார்கள்.

இந்தப் பருவத்துக்கும் இதே போன்ற பயணங்களைப் பலர் கேட்கிறீர்கள். அதனால்தான் இந்த மடல்.

இந்த வகைப் பயணத்துக்கு ரீபொசிஷனிங் என்று பெயர். பெயரைப் பார்த்து மலைக்க வேண்டாம். நம் ஊர் ரிட்டர்ன் வண்டிதான். மதுரையில் ஆளை இறக்கிவிட்டுக் காலியாகச் சென்னை திரும்பும் டாக்ஸிக்காரர் குறைந்த வாடகைக்கு ஏற்றிக்கொள்கிறார் அல்லவா, அதுபோல. கோடையில் மத்தியதரைக்கடலிலும் அலாஸ்காவிலும் ஓடும் கப்பல்கள் குளிர்காலத்தில் கரீபியன், வளைகுடா, தென்கிழக்கு ஆசியா, ஆஸ்திரேலியா என்று இடம் மாறுகின்றன. ஏப்ரல், மே வாக்கில் ஒரு முறை, செப்டம்பரில் இருந்து நவம்பர் வரை இன்னொரு முறை. வெறுமனே ஓட்டிக்கொண்டு போவதற்குப் பதில் டிக்கெட் விற்கிறார்கள். ஓர் இரவுக்கான கட்டணம் வழக்கத்தைவிடக் குறைவாக இருப்பது இதனால்தான்.

குறைவுக்கு ஈடாகச் சில உண்டு. பயணம் ஒரு வழிதான். திரும்புவதற்கு விமானம் வேண்டும். கரையைப் பார்க்காமல் கடலிலேயே கழியும் நாள்கள் அதிகம். கிழக்கு நோக்கிப் போனால் கடிகாரத்தை அடிக்கடி முன்னே தள்ளிவைப்பார்கள். துபாயில் இருந்து சிங்கப்பூர் சேர்வதற்குள் நான்கு மணி நேரத் தூக்கத்தைக் கப்பல் எடுத்துக்கொள்ளும். செங்கடலில் 2023 கடைசியில் தொடங்கிய தாக்குதல்களுக்குப் பிறகு பல கம்பெனிகள் சூயஸ் கால்வாய் வழியை விட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. சில பயணங்களையே ரத்து செய்தன. அதனால் ஐரோப்பாவில் இருந்து நம் பக்கம் வரும் கப்பல் எந்த வழியாக வருகிறது என்று எங்களிடம் ஒரு முறைக்கு இரு முறை கேளுங்கள்.

இனி எல்லோரும் கேட்கும் கேள்வி. "கப்பல்தான் கொச்சியில் நிற்கிறதே, துபாய் வரை எதற்குப் போக வேண்டும்? கொச்சியிலேயே ஏறிக்கொள்கிறோம்."

ஏறலாம், கப்பல் கம்பெனி சம்மதித்தால். ரயிலில் இதற்கு ஒரு வழி இருப்பது உங்களுக்குத் தெரியும். எழும்பூரில் இருந்து கன்னியாகுமரிக்கு டிக்கெட் எடுத்துவிட்டு, செங்கல்பட்டில் ஏறுவதாக முன்கூட்டியே மாற்றிக்கொள்கிறோம். கட்டணம் எழும்பூரில் இருந்துதான். சொல்லாமல் செங்கல்பட்டில் போய் நின்றால், படுக்கையில் வேறொருவர் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். கப்பலிலும் இதே கதைதான், கெடுபிடி மட்டும் அதிகம். முதல் துறைமுகத்தில் நீங்கள் வராவிட்டால், வராதவர் என்று குறித்து முன்பதிவையே ரத்து செய்துவிடலாம். அடுத்த துறைமுகத்தில் பெட்டியோடு நின்றால் உள்ளே விடமாட்டார்கள்; பணமும் திரும்பாது.

ஏன் இத்தனை கெடுபிடி என்றால், துறைமுகத்தில் கப்பல் நிற்பது வேறு, பயணிகளை ஏற்றுவது வேறு. ஏற்ற வேண்டுமென்றால் குடியேற்ற அதிகாரி, சுங்கம், பெட்டி சோதிக்கும் இயந்திரம் எல்லாம் அங்கே தயாராக இருக்க வேண்டும். பயணிகள் பட்டியலை முன்கூட்டியே அதிகாரிகளுக்கு அனுப்பியாக வேண்டும். சில துறைமுகங்களில் கப்பல் கரையில் இருந்து தள்ளிக் கடலில் நங்கூரம் போட்டுவிட்டு, சிறு படகில் ஆள்களைக் கரைக்குக் கொண்டுபோகும். அங்கே இரண்டு பெட்டியோடு போய் ஏறுவதை நினைத்துப் பாருங்கள். எனவே சம்மதம் எழுத்தில் வந்த பிறகுதான் நாங்கள் முழுப் பணம் வாங்குகிறோம். தொலைபேசியில் "சரி, பார்த்துக்கொள்ளலாம்" என்று யாரோ சொன்னதை நாங்கள் சம்மதமாக எடுத்துக்கொள்வதில்லை.

நீங்கள் போகாத இரவுகளுக்குக் கட்டணம் திரும்பாது என்பதையே அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த அறை உங்கள் பெயரில் காலியாகப் போயிருக்கிறது. சில கம்பெனிகள் நீண்ட பயணத்தை இரண்டு மூன்று துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகவும் விற்கின்றன. அப்படித் துண்டு கிடைத்தால் அதை வாங்குவதே நல்லது. பாதியில் ஏறும் வம்பே இல்லை. அந்தத் துண்டுக்கு அதுதான் முதல் துறைமுகம்.

அமெரிக்காவில் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அலாஸ்கா பருவம் முடிந்ததும் கப்பல்கள் கனடாவின் வான்கூவரில் இருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் போகும். வழியில் சான் பிரான்சிஸ்கோவில் நிற்பதும் உண்டு. "மகன் சான் பிரான்சிஸ்கோ பக்கம்தான் இருக்கிறான், அங்கேயே ஏறி லாஸ் ஏஞ்சல்ஸில் இறங்கிவிடுகிறோம்" என்று கேட்பார்கள். முடியாது. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல், ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஆளை ஏற்றி, தொலைவில் உள்ள வேறு நாட்டுத் துறைமுகம் எதையும் தொடாமல், இன்னோர் அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கக் கூடாது என்று 1886-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இன்றும் நடப்பில் இருக்கிறது. உல்லாசக் கப்பல்களில் பெரும்பாலானவை பஹாமாஸ், பனாமா என்று வெளிநாட்டுக் கொடியோடு ஓடுபவை. மீறினால் ஆளுக்கு இவ்வளவு என்று அபராதம் உண்டு. அது உங்கள் தலையில் வந்து விழும். வான்கூவரிலேயே ஏறினால் சிக்கல் இல்லை. மகன் ஒரு நாள் விடுப்பு எடுத்து விமானம் ஏற்றி அனுப்பட்டும்.

விசாவும் ஏறும் இடத்தோடு சேர்ந்து மாறும். மும்பையிலோ கொச்சியிலோ ஏறினால் துபாய் விசா வேண்டாம். சிங்கப்பூர் விசா வேண்டும். ஐரோப்பியப் பயணத்தில் ஒரே விசா செல்லும் ஷெங்கன் நாடுகளின் எல்லையைவிட்டுக் கப்பல் வெளியே போய்த் திரும்பி உள்ளே வந்தால், பல முறை நுழையும் விசா தேவை. ஏறும் துறைமுகம் முடிவான பிறகுதான் நாங்கள் விசா விண்ணப்பத்தைத் தொடுவோம், அவசரப்படுத்தாதீர்கள்.

ஏறும் நாளன்று காலையில் சென்னையில் இருந்து பறந்து, மாலையில் கப்பல் பிடிக்கும் திட்டத்தை நாங்கள் போட்டுத் தருவதில்லை. இந்தக் கப்பல்கள் இடம் மாறும் அக்டோபரும் நவம்பரும்தான் நமக்கு வடகிழக்குப் பருவமழை. மிக்ஜாம் புயலின்போது, 2023 டிசம்பர் 4 அன்று, மீனம்பாக்கம் ஓடுபாதையில் தண்ணீர் நின்று விமான நிலையத்தையே மூடியது மறந்திருக்காது. ஒரு நாள் முன்பே போய், ஓர் இரவு விடுதியில் தங்குங்கள். இன்னொன்றும் உண்டு: வானிலை மோசமானால் கப்பல் ஒரு துறைமுகத்தில் நிற்காமலே தாண்டிப் போய்விடும். சுற்றிப் பார்க்க இறங்குகிறவருக்கு அது ஒரு நாள் ஏமாற்றம். அங்கே ஏறக் காத்திருப்பவருக்கு அடுத்த துறைமுகம் வரை ஓட்டம். பாதியில் ஏறுகிறவர்கள் காப்பீட்டுத் தாளில் இதற்கு என்ன எழுதியிருக்கிறது என்று எங்களைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

இப்போது டிப்ஸ்.

நம் ஊர் ஹோட்டலில் பில் வரும் தட்டில் சோம்புக்கு அடியில் பத்து ரூபாயைச் செருகிவைத்துவிட்டு எழுகிறோம். கொடுப்பது நம் இஷ்டம், யாருக்கு என்பதும் கண்ணுக்குத் தெரியும். கப்பலில் அப்படி இல்லை. ஒவ்வொரு நாளும் ஆளுக்கு இவ்வளவு என்று உங்கள் அறைக் கணக்கில் தானாகவே ஏறிவிடும். அமெரிக்கப் பயணிகளை நம்பி ஓடும் பெரிய கம்பெனிகளில் சாதாரண அறைக்கு இது ஏறத்தாழ 16 முதல் 20 டாலர் வரை. பெரிய சூட் அறைகளுக்கு இன்னும் கூடுதல். அறைக்கு அல்ல, ஆளுக்கு. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். குழந்தைக்கு எந்த வயதில் இருந்து என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எல்லாக் கப்பலிலும் இந்த வழக்கம் இல்லை. பிரிட்டனின் பி அண்டு ஓ கப்பல் கம்பெனி 2019-இல் இப்படிப் பிடிப்பதையே நிறுத்தி, கட்டணத்திலேயே சேர்த்துவிட்டது. விலை உயர்ந்த சில கம்பெனிகளிலும் அப்படித்தான்.

இந்தப் பணம் அறையைச் சுத்தம் செய்பவர், சாப்பாட்டு மேசையில் பரிமாறுபவர் ஆகியோருக்கும், நாம் முகமே பார்க்காத சலவை, சமையல் பணியாளர்களுக்கும் பிரிந்து போகிறது. "வரவேற்பு மேசையில் போய்ச் சொன்னால் எடுத்துவிடுவார்களாமே" என்று கேட்கிறீர்கள். பல கம்பெனிகளில் எடுப்பார்கள். எடுக்கச் சொல்லாதீர்கள் என்பதே எங்கள் கருத்து. ஆறு முதல் ஒன்பது மாத ஒப்பந்தத்தில், வார விடுமுறை இல்லாமல் உழைக்கிறவர்கள் அவர்கள். கடல் தொழிலாளர்களுக்கான சர்வதேச விதியே 24 மணி நேரத்தில் பத்து மணி நேர ஓய்வைத்தான் கட்டாயமாக்குகிறது. அவர்கள் வருமானத்தில் இந்த டிப்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு. சேவை சரியில்லை என்றால் இரண்டாம் நாளே சொல்லுங்கள். ஆளையே மாற்றிக் கொடுப்பார்கள். கடைசி இரவு வரிசையில் நின்று பணத்தைத் திருப்பிக் கேட்பதால் நடந்துபோன குறை சரியாகாது.

இதற்கு மேல் யாருக்காவது தனியாகக் கொடுக்கத் தோன்றினால் கையில் கொடுங்கள், கட்டாயம் இல்லை. அறைக்குச் சாப்பாடு கொண்டுவருபவருக்கு ஒன்றிரண்டு டாலர், துறைமுகத்தில் பெட்டி தூக்குபவருக்குப் பெட்டிக்கு ஒன்றிரண்டு டாலர் வழக்கம்; பெட்டி தூக்குபவர் கப்பல் ஊழியர் அல்ல, தினசரிப் பணத்தில் அவருக்குப் பங்கு இல்லை. சில்லறை நோட்டாக இருபது டாலர் கையில் இருக்கட்டும்.

பானங்களின் பில்லில் மட்டும் விழிப்பாக இருங்கள். ஆறு டாலருக்கு ஒரு லைம் சோடா வாங்கினால், 18 சதவீதம் டிப்ஸ் சேர்த்து 7 டாலர் 8 சென்ட் என்று சீட்டு வரும். சில கப்பல்களில் 20 சதவீதம். அதற்குக் கீழே 'கூடுதல் டிப்ஸ்' என்று ஒரு கோடு காலியாக விட்டிருப்பார்கள். பெரம்பூர் வாடிக்கையாளர் ஒருவர் அதை நிரப்பியே ஆகவேண்டும் என்று நினைத்து, பதினோரு சீட்டிலும் ஒவ்வொரு டாலர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். சட்டைப்பையில் பத்திரமாக வைத்திருந்து எங்களிடம் காட்டியபோதுதான் அவருக்கே விஷயம் தெரிந்தது. அந்தக் கோட்டின் மேல் குறுக்காக ஓர் இழுப்பு இழுத்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

டிப்ஸை இங்கேயே முன்கூட்டிக் கட்டலாமா? கட்டலாம். கட்டிய பிறகு கம்பெனி விலையை ஏற்றினாலும் பெரும்பாலும் உங்களைத் தொடாது; கடைசி நாள் பில்லும் சிறியதாக இருக்கும். ஆனால் பாதியில் ஏறுகிறவர்கள் கட்டுவதற்கு முன், எத்தனை இரவுக்கு என்பதையும் எழுத்தில் வாங்க வேண்டும். கப்பலில் கட்டுவதாக இருந்தால், ஏறிய மறுநாளே அறைத் தொலைக்காட்சியிலோ கப்பலின் செயலியிலோ கணக்கைத் திறந்து இரவுகளை எண்ணிப் பாருங்கள். நம் வங்கி கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை முன்பே திறந்து வைத்திருக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். டாலரில் போடும் ஒவ்வொரு செலவுக்கும் வங்கி தனியாக ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும்.

கெட்டில், ரைஸ் குக்கர் கொண்டுபோகலாமா என்றும் வாரம் ஒருவர் கேட்கிறார். கூடாது, ஏறும்போதே பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். புளிக்காய்ச்சல் பாட்டிலுக்குத் தடை உண்டா என்பதைக் கம்பெனியிடம் கேட்டுச் சொல்கிறோம்.

இந்தப் பருவத்துக்கு எங்களிடம் முன்பதிவு செய்திருப்பவர்கள் அனைவருக்கும் புதிய மதிப்பீட்டுத் தாள் தயாராகிவிட்டது. துறைமுகக் கட்டணத்துக்குக் கீழே டிப்ஸுக்கு ஒரு வரி, அதற்கு எதிரே ஆள் எண்ணிக்கையும் நீங்கள் உண்மையில் தங்கப்போகும் இரவுகளின் எண்ணிக்கையும் இருக்கும். பாதியில் ஏறுகிறவர்களின் தாளோடு கப்பல் கம்பெனியின் சம்மதக் கடிதத்தின் நகலையும் இணைத்திருக்கிறோம். ஞாயிறு தவிர எல்லா நாளும் காலை பத்து மணி முதல் மாலை ஏழு மணி வரை வந்து வாங்கிக்கொள்ளலாம். பழைய தாளை வீட்டில் வைத்திருந்தால் கிழித்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பயண ஏற்பாட்டாளர்கள்
லஸ் முனை, மயிலாப்பூர், சென்னை