வெள்ளிக்கிழமை வரும் ஆல்பம்

அன்பு மகளுக்கு,

சனி, ஞாயிறு வந்தால் துணி துவைப்பதும் தூங்குவதும்தான் மிச்சம் என்று போனில் அலுத்துக்கொண்டாய். இங்கே எங்கள் சனிக்கிழமை எப்படிப் போகிறது என்று எழுதினால் உனக்குப் பொறாமை வரும். வரட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் உன் தம்பிதான் காரணம். புது ஆல்பங்கள் இப்போது வெள்ளிக்கிழமைகளில்தான் வெளியாகின்றன. 2015 ஜூலைக்கு முன்பு நாட்டுக்கு ஒரு கிழமையாக இருந்ததாம். வெள்ளி இரவே அவன் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடுகிறான். சனி காலை நான் படம் வரைய உட்காரும்போது ஓடவிடுகிறான். எங்கள் நிபந்தனை ஒன்றுதான்: முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை, அவர்கள் அடுக்கிய வரிசையிலேயே கேட்க வேண்டும். பிடிக்கவில்லை என்று எதையும் தாண்டக் கூடாது.

முதலில் அவன் முறைத்தான். உடனே அப்பா இசைத்தட்டுக் கதையை ஆரம்பித்துவிட்டார். ஆரம்பித்தால் அவர் நிறுத்துவாரா? ஆனாலும் விஷயம் சுவையானது. 1948-இல் வந்த எல்.பி. என்ற நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 20 நிமிடம்தான் இடம். தட்டு ஒரே வேகத்தில் சுற்றினாலும், ஊசி நடுவை நெருங்க நெருங்க ஒரு சுற்றில் அது கடக்கும் தூரம் குறைந்துகொண்டே போகும். ஒலியை அங்கே நெருக்கிப் பதிக்க வேண்டியிருப்பதால் உச்சஸ்தாயி ஒலிகள் மங்கிவிடும். அதனால் ஆர்ப்பாட்டமான பாட்டை விளிம்பில் வைத்து, அமைதியான பாட்டைப் பக்கத்தின் கடைசிக்குத் தள்ளுவார்கள். பாட்டுகளின் வரிசைக்குப் பின்னால் இப்படி ஒரு கணக்கு இருந்திருக்கிறது! தட்டே இல்லாமல் கேட்கும் காலத்திலும் வரிசைக்காக வாதாட ஆள் இருக்கிறது. 2021-இல் பாடகி அடீல் கேட்டுக்கொண்டதால்தான் ஸ்பாட்டிஃபை, ஆல்பங்களைக் கலைத்துப் போடும் பொத்தானை முன்னிருந்து எடுத்தது. இதைச் சொன்ன பிறகுதான் தம்பி அடங்கினான். அப்பா சொன்னால் கேட்காதவன், அடீல் சொன்னால் கேட்கிறான்.

எனக்கு இந்த வரிசையால் வேறொரு லாபம். வாட்டர் கலரில் வானம் வரைவதில் பாதி வேலை, கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பதுதான். தாளை நனைத்து நீலத்தை இறக்கியதும் அது தானாகப் பரவுகிறது. அல்ட்ராமரீன் நீலம் என்றால் அதன் துகள்கள் தாளின் சிறு குழிகளில் போய்த் தங்கி, மணல் தூவியதுபோலப் புள்ளி புள்ளியாக நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் தாள் பாதி காய்ந்த நேரத்தில் ஈரப் பிரஷால் தொட்டுவிட்டால் போச்சு. புதிதாக வந்த தண்ணீர் நிறத்தை ஒதுக்கித் தள்ளி, ஓரத்தில் கோணல்மாணலான கறையாக நிறுத்திவிடும். அதற்கு ரிப்பேர் கிடையாது. மேகத்தின் வெள்ளைகூட வண்ணமில்லை, நாம் தொடாமல் விட்ட தாள்தான். ஆகவே, இரண்டு பாட்டு முடியும்வரை பிரஷை எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். மூன்றாவது பாட்டு சுமாராக இருந்தால் அப்போது வேலையைத் தொடங்கிவிடலாம்.

அடுப்பிலும் இதே கடிகாரம்தான். அப்பா சூப்புக்கு வெங்காயம் வதக்குகிறார். பத்து நிமிடத்தில் பொன்னிறமாகிவிடும் என்று எழுதும் சமையல் குறிப்புகளை நம்பாதே. முதலில் அதிலுள்ள தண்ணீர் வெளியேற வேண்டும், அதற்குப் பிறகுதான் நிறம் பிடிக்கும். சிறு தீயில் முக்கால் மணி நேரம், அதாவது ஓர் ஆல்பம் முழுவதும். உப்பை முதலிலேயே போட்டால் நீர் சீக்கிரம் விடும். அடி பிடிக்கும்போது ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றிச் சுரண்டிவிடுகிறார். அந்தப் பழுப்பில்தான் ருசியே இருக்கிறது என்கிறார். தம்பி நறுக்குகிறான், ஒன்று பட்டையாக, ஒன்று தூளாக. தூள் கருகுகிறது, பட்டை வேகாமல் நிற்கிறது. அப்பா எதுவும் சொல்வதில்லை, பொறுக்கி எடுத்துவிடுகிறார்.

சாப்பிடும்போதுதான் சண்டை. எனக்குப் பிடித்த பாட்டை அவன் ஒருபோதும் ஒப்புக்கொள்வதில்லை. எங்களுக்கு நடுவராக நீ வேண்டும்.

வரும் வெள்ளிக்கிழமை ஆல்பத்தை நீயே தேர்ந்தெடு. உன் நேரப்படி எத்தனை மணிக்கு வசதி என்று எழுது. இங்கும் அதே நேரத்தில் போடுகிறோம். பெயரை எனக்கு மட்டும் அனுப்பு. தம்பிக்குத் தெரிந்தால் முந்தின இரவே கேட்டுவிட்டு, காலையில் கேட்காததுபோல் உட்கார்ந்திருப்பான்.

அன்புடன்,
அம்மா