சொட்டட்டும் குழாய்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கடுங்குளிர் பற்றிய செய்தியைப் படித்தேன். நான் பழைய வண்ணாரப்பேட்டையில் பிளம்பர். அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்து டல்லாஸில் இருக்கும் என் அக்கா மகன் அங்கே குளிர் வந்தாலே எனக்குத்தான் போன் போடுவான்.

2021 பிப்ரவரியில் டெக்சாஸில் ஏகப்பட்ட வீடுகளில் பைப் வெடித்தது. வெயிலை நினைத்துக் கட்டிய வீடுகள். கூரைக்கு அடியிலும் வெளிச்சுவரிலும் பைப்புகள் மேலுறை இல்லாமல் ஓடும்.

தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் விரியும். ஆனால் ஐஸ் கட்டிய இடத்தில்தான் வெடிக்கும் என்றில்லை. ஐஸுக்கும் மூடிய குழாய்க்கும் நடுவே மாட்டிய தண்ணீருக்குப் போக வழி கிடையாது; அழுத்தம் ஏறிப் பெரும்பாலும் அங்கேதான் பைப் பிளக்கும். அதனால்தான் ராத்திரி முழுக்கக் குழாயைச் சொட்ட விடச் சொல்கிறார்கள். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கிற எங்கள் தெருப் பெண்கள் கேட்டால் வயிறு எரிவார்கள்! சரி, அங்கே அது வீண் இல்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போகிறவர்கள் வீட்டுக்கு வரும் தண்ணீரை மொத்தமாக நிறுத்தும் மெயின் வால்வை மூடி, பைப்பில் நிற்கும் தண்ணீரை வடித்துவிடுவது நல்லது.

நமக்குப் பனி பயம் இல்லை. ஆனால் மெயின் வால்வு எங்கே என்று கேட்டால் பாதி வீட்டில் முழிக்கிறார்கள். காசிமேடு பக்கம் உப்புக்காற்றில் துருப்பிடித்து, திருகினால் கைப்பிடி மட்டும் கையோடு வருகிறது. அவ்வப்போது மூடித் திறந்து பார்க்கச் சொல்லி ஒரு பத்தி போடுங்களேன்.

இப்படிக்கு,
ஒரு பிளம்பர்,
சென்னை - 21