மெயில் வரலன்னா உடனே ஃபார்மட் அடிக்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்துல இருந்து எழுதுறேன்.

எங்க தெருவுல ரிட்டயர் ஆன நிறைய பேரு இன்னும் தண்டர்பேர்டு, அவுட்லுக் மாதிரி புரோகிராம்லதான் மெயில் பாக்குறாங்க. ஒருநாள் திடீர்னு சர்வரோட (மெயில வச்சிருக்கற கம்பெனி கம்ப்யூட்டரோட) கனெக்ட் ஆகலன்னு எர்ரர் வரும், பாஸ்வேர்டு கேட்டுக்கிட்டே இருக்கும், உடனே பயந்துபோய் சிபியூவத் தூக்கிட்டு ஆட்டோ புடிச்சு சர்வீஸ் கடைக்குப் போவாங்க, அங்க "விண்டோஸ் போயிடுச்சு சார், ஃபார்மட் அடிச்சாதான் சரியாவும்"னு சொல்லிடுறாங்க, அதாவது டிஸ்க்ல இருக்கறத அழிச்சிட்டு விண்டோஸ புதுசா போடணும்னு. பக்கத்து வீட்டு வாத்தியார் ஐயாவுக்கும் இதேதான் நடந்துச்சு. அவரு பிஓபி முறையில, அதாவது மெயில சர்வர்ல இருந்து தன் கம்ப்யூட்டருக்கே இறக்கி வச்சுக்கறவரு, ஜிமெயில்ல இடம் நெறஞ்சிடக் கூடாதுன்னு இறக்கினதும் சர்வர் காப்பி அழியிற மாதிரி யாரோ செட்டிங் வச்சிக் குடுத்திருக்காங்க. சிங்கப்பூர்ல இருக்கற பொண்ணு எழுதினது, பேரன் போட்டோ, பென்ஷன் சம்பந்தமா வந்ததுன்னு எல்லாமே அந்த ஒரே ஹார்ட் டிஸ்க்லதான் இருந்துச்சு, ஃபார்மட்ல மொத்தமும் போச்சு. அதுக்கு காசும் குடுத்துட்டு வந்தாரு, மெயில் அப்பவும் கனெக்ட் ஆகல.

உண்மையான காரணம் விண்டோஸே இல்ல. ஐயா கொஞ்ச நாள் முன்னாடி போன்ல ஜிமெயில் பாஸ்வேர்ட மாத்தியிருக்காரு, அப்படி மாத்தினா கம்ப்யூட்டர்ல போட்டு வச்சிருக்கற 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு (வெளி புரோகிராமுக்குன்னு கூகுள் தனியா குடுக்கறது) தானா செல்லாமப் போயிடும். 2022 மே 30-ல இருந்து தனி ஆளுங்க கணக்குல சாதா பாஸ்வேர்ட மட்டும் வச்சு வெளி புரோகிராம் உள்ள நுழையறத கூகுள் நிறுத்திட்டாங்க. ஒண்ணு டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் (பாஸ்வேர்டுக்கு மேல இன்னொரு தடவ உறுதி பண்றது) போட்டு புதுசா ஆப் பாஸ்வேர்டு எடுக்கணும், இல்லன்னா தண்டர்பேர்டுல ஓஆத்2 (பாஸ்வேர்ட புரோகிராம்ல சேத்து வைக்காம கூகுள் பக்கத்துலயே அனுமதி குடுக்கற முறை) வச்சு பிரவுசர் மாதிரியே லாகின் பண்ணணும். அவுட்லுக்.காம் கணக்கு வச்சிருக்கறவங்களுக்கு 2024 செப்டம்பர் 16-ல இருந்து ஓஆத் மட்டும்தான், பழைய அவுட்லுக் 2010-ல எத்தன தடவ பாஸ்வேர்டு அடிச்சாலும் உள்ள விடாது.

அதனால மொதல்ல அதே மெயில போன்லயோ பிரவுசர்லயோ திறந்து பாருங்க. அங்க வருதுன்னா கணக்கும் சர்வரும் நல்லாத்தான் இருக்கு, கோளாறு நம்ம கம்ப்யூட்டர் பக்கம்தான். அடுத்து ஸ்கிரீன்ல கீழ் மூலையில இருக்கற தேதி. இத யாருமே பாக்குறதில்ல, ஆனா நம்ம ஊருக்கு இதுதான் முக்கியம். 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல் வந்தப்ப கடலூர், புதுச்சேரி ரெண்டு பக்கமும் கரண்ட் இல்லாம கெடந்தோமே, அந்த மாதிரி மெஷின் பல நாள் ஆஃப்ல இருந்தா மதர்போர்டுல வட்டமா காசு மாதிரி இருக்கற சிஆர்2032 பேட்டரி பழசா இருந்துச்சுன்னா தீந்துபோயிடும், கம்ப்யூட்டர் திரும்ப ஆன் ஆகும்போது தேதி பல வருஷம் பின்னாடி நிக்கும், சர்வர் தான் யாருன்னு காட்டுற சர்டிஃபிகேட் அந்தத் தேதிக்குப் பொருந்தாததால புரோகிராம் அத நம்பாம கனெக்‌ஷன வெட்டிடும். ஒரு பேட்டரி மாத்தி தேதிய சரி பண்ணா போதும், அதுக்குப் போயி ஃபார்மட்டா?

மெயில் வருது, ஆனா அனுப்ப மாட்டேங்குதுன்னா அக்கவுண்ட் செட்டிங்ல போர்ட் நம்பர (சர்வர்ல மெயில் போக வர இருக்கற கதவு எண் மாதிரி) பாருங்க. மெயில் வாங்கறதுக்கு ஐமேப்னா (மெயில் சர்வர்லயே இருக்கற முறை) 993, பிஓபின்னா 995, அனுப்ப 587 இல்ல 465. பழைய 25-ஐ வீட்டு லைன்ல பல இன்டர்நெட் கம்பெனி அடைச்சு வச்சிருக்காங்க. சில சமயம் ஆன்டிவைரஸ் அப்டேட் ஆனப்புறம் மெயில் ஸ்கேன் குறுக்க நிக்கும், அத மட்டும் ஆஃப் பண்ணிப் பாத்தா தெரிஞ்சிடும்.

சர்வீஸ் கடைத் தம்பிங்களுக்கு ஒரு வேண்டுகோள். நிஜமாவே ஃபார்மட் பண்ண வேண்டி வந்தா, அதுக்கு முன்னாடி தண்டர்பேர்டு ஹெல்ப் மெனுவுல டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன் போயி மெயில் எல்லாம் இருக்கற ப்ரொஃபைல் ஃபோல்டரத் திறந்து இடத்தப் பாத்து வச்சுக்குங்க, புரோகிராம மூடிட்டு அப்படியே பென்டிரைவ்ல காப்பி எடுங்க, அவுட்லுக்னா மெயில் இருக்கற பிஎஸ்டி ஃபைல எடுங்க. "உள்ள மெயில் இருக்கா ஐயா"ன்னு வாய்விட்டுக் கேளுங்க, பெரியவங்களுக்கு மெயில் எங்க இருக்குன்னே தெரியாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.