பரோலில் வந்தவர் ஓட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தண்டனைக்கு நடுவே பரோலில், அதாவது தற்காலிக விடுப்பில், வீட்டுக்கு வந்திருக்கும் கைதியை ஓட்டுப் போடவிட வேண்டும் என்பதே என் கோரிக்கை. சிறையில் அடைக்கப்பட்டவர் ஓட்டுப் போடக்கூடாது என்கிறது 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62(5) பிரிவு. தண்டனைக் கைதி, விசாரணைக் கைதி என்ற பேதமே இல்லை. ஜாமீன் கிடைத்தவர் போடலாம்; ஜாமீனுக்கு ஆள் பிடிக்க முடியாத ஏழை போட முடியாது. நம் சிறைகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள்தான்.

ஆனால் விசாரணைக் கைதி தேர்தலில் நிற்கலாம்! 2013-இல் அதற்கென்றே சட்டத்தைத் திருத்தினார்கள். 2024-இல் காஷ்மீரின் பாரமுல்லா மக்களவைத் தொகுதியில் இன்ஜினியர் ரஷீத் திகார் சிறையில் இருந்தபடியே ஜெயித்தார். ஊரார் ஓட்டை வாங்கலாம், தன் ஓட்டைப் போடக்கூடாது என்றால் என்ன கணக்கு இது?

சரி, சிறைக்கைதிகளை ஓட்டுப் போடவிட்டால் கூடுதல் போலீஸ் வேண்டும், பாதுகாப்புச் சிக்கல் வரும் என்று 1997-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பரோலில் வீட்டுக்கு வந்திருப்பவருக்கு அந்தச் சிக்கல் ஏது? தெருமுனைப் பள்ளிக்கூடம் வரை நடக்கப் போகிறார், அவ்வளவுதானே. கலிபோர்னியாவில் 2020-இல் மக்களே வாக்களித்து, பரோலில் (அங்கே சிறைக்காலம் முடிந்தபின் வெளியே கண்காணிப்பில்) உள்ளவர்களுக்கு இந்த உரிமையைக் கொடுத்தார்கள். நம் 62(5)-இல் பரோல் என்ற சொல்லே கிடையாது. நாடாளுமன்றம் ஒரு வரி சேர்த்தால் போதும்.

ஒரு வாசகர், தஞ்சாவூர்