சந்தேகத்தையும் சீட்டில் எழுதுங்கள், டாக்டர்

குமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கம் ஓ.பி. பார்க்கும் மருத்துவர்கள் எல்லோருக்கும், வணக்கம்.

களியக்காவிளை, குழித்துறை, மார்த்தாண்டம் ஆட்கள் ஒரே ஆஸ்பத்திரியோடு நிற்பதில்லை என்பது உங்களுக்கே தெரியும். முதலில் பக்கத்து கிளினிக், அப்புறம் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி, சரியாகவில்லை என்றால் பஸ் ஏறித் திருவனந்தபுரம். ஒவ்வோர் இடத்திலும் புதுச் சீட்டு, புது ரத்தப் பரிசோதனை. மாத்திரைப் பெயர் எல்லாச் சீட்டிலும் இருக்கிறது. முன்பு பார்த்தவர் எதைச் சந்தேகப்பட்டார், எதை இல்லை என்று தள்ளினார் என்பது ஒன்றிலும் இல்லை. சாதாரணக் காய்ச்சலுக்கு இது போதும், அரிய நோய் வந்த பிள்ளைக்கோ வருடங்கள் இப்படியே போய்விடுகின்றன.

என் அக்கா மகனுக்கு வந்தது வில்சன் நோய், உடம்பில் செம்பு சேர்ந்துவிடும் அரிய நோய். சின்ன வயதில் மஞ்சள்காமாலை வந்து போனது. உயர்நிலைப் பள்ளிக்கு வந்தபின் கையெழுத்து கோணியது, பேச்சு குழறியது, தொட்டதற்கெல்லாம் கோபம். காமாலைக்குப் பார்த்தவர் கல்லீரலோடு நிறுத்திக்கொண்டார், மனநல மாத்திரை எழுதியவருக்கோ காமாலை வந்த கதையே தெரியாது, எந்தச் சீட்டும் அவருக்கு அதைச் சொல்லவில்லை. கடைசியில் கண்ணாடி மாற்றப் போன இடத்தில் கண் மருத்துவர் கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்பில் பார்த்துவிட்டு, கருவிழி ஓரத்தில் பழுப்பாக ஒரு வளையம் இருக்கிறது, வில்சனாக இருக்கலாம், செம்பு அளவைப் பாருங்கள் என்று தன் சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார். ரத்தத்தில் செம்பைச் சுமக்கும் புரதமான செருலோபிளாஸ்மின் குறைவு, 24 மணி நேரச் சிறுநீரில் செம்பு அதிகம். நோய்க்குப் பெயர் கிடைத்தது.

இந்த நோயை வில்சன் என்ற மருத்துவர் விவரித்து எழுதியது 1912-இல். உணவில் வரும் செம்பைக் கல்லீரல் பித்தத்தோடு வெளியேற்ற முடியாமல், அது கல்லீரலிலும் மூளையிலும் கண்ணிலும் படிகிறது. பெனிசிலமைன், துத்தநாகம் என்று மருந்து இருக்கிறது, ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். சீக்கிரம் தொடங்கினால் பிள்ளை மற்றவர்களைப் போல வாழலாம், தாமதமானால் போன பேச்சு முழுசாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது. கூடப்பிறந்தவர்களுக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அக்கா மகளையும் சோதித்தார்கள், அவளுக்கும் இருந்தது. அறிகுறி எதுவும் வருமுன்னே அவளுக்கு மருந்து தொடங்கியாயிற்று. அந்தக் கண் மருத்துவர் எழுதிய ஒரு வரி இரண்டு பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கிறது.

எல்லா நோயும் எல்லா டாக்டருக்கும் தெரிய வேண்டும் என்று நான் கேட்கவில்லை, அது நடக்கிற காரியமும் இல்லை. 2018 மே மாதம் கோழிக்கோட்டில் நிபா வைரஸ் பிடிபட்டது எப்படி? ஒரே வீட்டில் ஒருவர் இறந்து சில நாளில் அடுத்தவரும் அதே மாதிரி மூளைக்காய்ச்சலோடு வந்தபோது, மருத்துவர்கள் இரண்டையும் சேர்த்துப் பார்த்து, இது வழக்கமானது இல்லை என்று சந்தேகப்பட்டு மாதிரியை மணிப்பால் வைரஸ் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். புனே தேசிய வைரஸ் ஆய்வகத்திலும் நிபா உறுதியானது. முதல் நோயாளியின் விவரம் கையில் இருந்ததால்தான் இரண்டாவது ஆளிடம் அந்தச் சந்தேகம் வந்தது.

மத்திய அரசின் 2021 அரிய நோய்க் கொள்கையில் பட்டியலில் உள்ள நோய்களுக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. அதற்கான மையங்களில் ஒன்று, நமக்குப் பக்கத்தில் திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. மருத்துவமனை. ஆனால் நோய்க்குப் பெயரே தெரியாமல் அங்கே போய் எங்கள் ஆட்கள் என்னவென்று சொல்லிக் கேட்பார்கள்?

அதனால் கேட்கிறேன். ஓ.பி.யில் கூட்டம் நெருக்கும், ஓர் ஆளுக்கு ஓரிரு நிமிடம்தான் கிடைக்கும், புரிகிறது. ஆனாலும் மருந்துக்குக் குணமாகாத நோயாளி திரும்பத் திரும்ப வந்தால், மாத்திரைக்குக் கீழே இரண்டு வரி எழுதுங்கள்: இன்னின்ன பார்த்தேன், இல்லை, இன்னதாக இருக்குமோ என்று சந்தேகம். ஒன்றும் பிடிபடவில்லை என்றால், பிடிபடவில்லை என்றே எழுதுங்கள், அதனால் உங்கள் மேல் எங்களுக்கு மரியாதை குறையாது. பழைய சீட்டுக்கட்டை நீட்டினால் தள்ளிவிடாமல் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். எல்லை தாண்டிப் போகும்போது எங்கள் கையில் இருப்பது அந்தக் கட்டு மட்டும்தான்.