கணக்கில் வராத அடுப்பு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய அட்டவணையைப் பொறுமையாகப் பார்த்தேன். இந்தியாவிலும் அமெரிக்காவிலும் வயலுக்கு வெளியே உணவை நம்பிப் பிழைப்பவர்கள் எத்தனை பேர் என்று ஒப்பிட்டிருக்கிறாய். நன்றாக உழைத்திருக்கிறாய். ஆனால், உணவு வழியாக வேலை தருவதில் நாம் அவர்களைவிட வெகுதூரம் பின்தங்கியிருக்கிறோம் என்று முடித்திருக்கிறாயே, அதோடுதான் எனக்குச் சண்டை.

உன் கணக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன். 2022-இல் அமெரிக்காவில் வேளாண்மையும் உணவும் சார்ந்த வேலைகள் சுமார் 2.2 கோடி, அதாவது நாட்டின் மொத்த வேலையில் பத்தில் ஒரு பங்கு. பண்ணையில் நேரடியாக வேலை செய்பவர்கள் அதில் 26 லட்சம்தான். மீதிப் பேர் ஆலைகளிலும் கடைகளிலும் இருப்பார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அந்த 2.2 கோடியில் பாதிக்கு மேல் சாப்பாட்டுக் கடைகளில் இருக்கிறது! சமைப்பவர், பரிமாறுபவர், தட்டு கழுவுபவர், கல்லாவில் நிற்பவர். அந்த ஊர்க்காரர்கள் சாப்பாட்டுக்குச் செலவிடும் பணத்தில் பாதிக்கு மேல் வெளியில் சாப்பிடவே போகிறது. வீட்டு அடுப்பு தெருவுக்கு வந்து, சம்பளப் பட்டியலில் ஏறிவிட்டது.

இங்கே அந்த அடுப்பு வீட்டுக்குள்ளேயே எரிகிறது. 2019-இல் அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் கொடுக்கிறார்கள் என்று வந்தது. வீட்டு வேலை செய்யும் ஆண்களுக்கு 97 நிமிடம். (அந்த 97 நிமிடத்தை யார் வீட்டில் எண்ணினார்களோ, உன் அப்பாவிடம் கேட்க வேண்டும்.) சமையல் அதில் பெரிய பங்கு. அதே சாம்பாரை ஒரு பெண் மெஸ்ஸில் வைத்தால் வேலைவாய்ப்பு, வீட்டில் வைத்தால் எந்த அட்டவணையிலும் இடமில்லை. அப்படியிருக்க, இரண்டு நாட்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு யார் பெரியவர் என்று எப்படிச் சொல்வாய்?

வீட்டுக்கு வெளியே நடப்பதும் இங்கே பாதி மறைவாகத்தான் இருக்கிறது. 2020-இல் சிறு உணவுத் தொழில்களுக்கு 10,000 கோடி ரூபாயில் ஒரு திட்டம் வந்தது நினைவிருக்கிறதா? பதிவு இல்லாத உணவு பதப்படுத்தும் தொழில்கள் நாட்டில் சுமார் 25 லட்சம், இந்தத் துறையின் வேலைகளில் 74 சதவீதம் அவற்றில்தான் என்று அந்தத் திட்டமே சொல்கிறது. அவற்றில் பத்துக்கு எட்டு, குடும்பத் தொழில். அப்பளம் இடுபவரும், மாவு அரைப்பவரும், முறுக்குச் சுடுபவரும் இவர்கள்தான். கணவர் முதலாளி என்றால் மனைவி ‘ஊதியமின்றி உதவுபவர்’. அரசுக் கணக்கெடுப்பிலேயே அப்படி ஒரு வகை இருக்கிறது. அதைத் தனி வரியாகப் போடு. இல்லாவிட்டால் உன் அட்டவணையில் அவரும், மாதச் சம்பளம் வாங்கும் ஆலைத் தொழிலாளியும் ஒன்றாகிவிடுவார்கள்.

ஊதியத்தையும் சேர்த்துப் பார். எண்ணிக்கையைவிட எனக்கு அதில்தான் கோபம். அமெரிக்காவில் டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு மத்திய சட்டப்படி முதலாளி தர வேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர். 1991-இலிருந்து அது அசையவில்லை. டிப்ஸோடு சேர்த்து 7.25 டாலர் வராவிட்டால் மீதியை முதலாளி கொடுக்க வேண்டும் என்றும், பல மாநிலங்கள் கூடுதலாக நிர்ணயித்திருக்கின்றன என்றும் நீ சொல்வாய். சரிதான். ஆனாலும் அது ஒரு பெருமையான எண் இல்லை.

நம் பக்கம் இன்னும் மோசம். பள்ளிகளில் மதிய உணவு சமைப்பவர்கள் நாடு முழுக்கச் சுமார் 25 லட்சம் பேர், பெரும்பாலும் பெண்கள். மத்தியத் திட்டத்தில் அவர்களுக்கு நிர்ணயித்தது மாதம் 1,000 ரூபாய், அதுவும் வருடத்தில் பத்து மாதத்துக்கு. 2009-இல் வந்த தொகை. மாநிலங்கள் தங்கள் பங்குக்குக் கூட்டிக் கொடுக்கின்றன. 1982-இல் சத்துணவு வந்த தமிழ்நாட்டில் இதை ஒரு அரசு வேலையாக ஓரளவு அமைத்திருக்கிறோம். ஆனால் மத்தியக் கணக்கில் அது சம்பளமே இல்லை, மதிப்பூதியம். பெரிய பாத்திரத்தில் நூறு பிள்ளைகளுக்குச் சோறு வடிப்பவரைத் ‘தன்னார்வலர்’ என்று சொன்னால், உன் வேலைவாய்ப்புப் பட்டியலில் அவரை எங்கே வைப்பாய்? உன் பேராசிரியர் கேட்பதற்கு முன்னால் நான் கேட்டுவிடுகிறேன்.

அப்புறம், நம் நாட்டின் மொத்தத் தொழிலாளர்களில் 2018-19-இல் 42.5 சதவீதமாக இருந்த வேளாண் தொழிலாளர் பங்கு 2019-20-இல் 45.6 ஆனதையும் குறித்துக்கொள். ஊரடங்கில் வேலை போனவர்கள் வயலுக்குத் திரும்பினார்கள். வெளி வேலை எவ்வளவு பிடிப்பில்லாதது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

திருத்தி எழுதியதும் எனக்கும் ஒரு பிரதி அனுப்பு. இந்த முறை அட்டவணையில் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக வை, கண்ணாடி போட்டும் படிக்க முடியவில்லை.

அன்புடன்,
அம்மா