வைஃபை வேறு, இணையம் வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் மாணவர் இணைப்பில் வந்த இணையத் தொடக்கச் சொற்கள் பகுதியைப் படித்தோம். ஐ.பி. முகவரி, டி.என்.எஸ்., மோடம், ரவுட்டர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம் தந்திருக்கிறீர்கள். நல்ல முயற்சி. ஆனால் இந்தச் சொற்களுக்கு அகர வரிசை உதவாது. தெருக் கம்பத்தில் தொடங்கி கைப்பேசி வரை இணையம் வரும் வழியிலேயே சொல்லிக்கொண்டு போனால்தான், இணைப்பு நின்றுபோன நாளில் அது எந்த இடத்தில் நின்றது என்று படித்தவருக்குப் பிடிபடும்.

‘வைஃபை என்பது கம்பியில்லா இணையம்’ என்ற வரியை அவசியம் திருத்துங்கள். வைஃபை என்பது வீட்டிலுள்ள இணையப் பெட்டிக்கும் கைப்பேசிக்கும் நடுவே உள்ள ரேடியோ இணைப்பு மட்டுமே. தெருவில் வயர் அறுந்து கிடந்தாலும் கைப்பேசியில் வைஃபை கோடுகள் முழுதாகத்தான் தெரியும். ‘வைஃபை வரல’ என்று புகார் சொன்னால், மறுமுனையில் இருப்பவர் கடவுச்சொல்லைச் சரிபார்க்கச் சொல்வார். அறுந்த வயரைப் பார்க்க ஆள் வரமாட்டார்.

கம்பத்திலிருந்து வீட்டுக்குள் வரும் மெல்லிய வயர்தான் ஃபைபர். உள்ளே இருப்பது கண்ணாடி இழை. அதில் ஓடுவது ஒளி. அது வந்து சேரும் பெட்டிக்கு ஓ.என்.டி. என்று பெயர். ஒளியை மின்குறிப்பாக மாற்றுவது அதன் வேலை. பலரும் அதை மோடம் என்கிறார்கள். புகார் சொல்ல அந்தப் பெயரே போதும். கிடைத்த ஒரே இணைப்பை வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் பங்கிட்டுத் தருவது ரவுட்டர். இப்போது வரும் பெட்டிகள் பெரும்பாலும் இரண்டு வேலையையும் சேர்த்தே செய்கின்றன.

பெட்டியின் முகப்பு விளக்குகளைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள். ‘எல்.ஓ.எஸ்.’ விளக்கு சிவப்பாக மின்னினால் ஒளி வந்து சேரவில்லை: வெளியே ஃபைபர் அறுந்திருக்கலாம், வீட்டுக்குள் கதவிடுக்கில் நசுங்கியிருக்கலாம், பெட்டியில் செருகிய முனை கழன்றிருக்கலாம். ‘பி.ஓ.என்.’ மட்டும் மின்னிக்கொண்டே இருந்தால், ஒளி வருகிறது, இணைய நிறுவனத்தின் கருவி இன்னும் பெட்டியை ஏற்கவில்லை. அது நிலையாக எரிந்தும் ‘இண்டர்நெட்’ விளக்கு மட்டும் எரியாவிட்டால், கணக்குப் பெயரிலோ கட்டணத்திலோ சிக்கல் இருக்கலாம். புகாரில் ‘எல்.ஓ.எஸ். சிவப்பு’ என்று இரண்டு சொல் சொன்னால் போதும், லைன்மேன் உரிய கருவியோடு வருவார். ஃபைபரை இறுக்கமாக மடக்கி ஆணி அடிக்கக்கூடாது. வளைவு கூர்மையானால் ஒளி வழியிலேயே கசிந்துவிடும். கழன்ற முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கவும் கூடாது. அதில் வரும் லேசர் கண்ணுக்குத் தெரியாது.

எல்லாவற்றையும் விட முக்கியமாக, ரீஸ்டார்ட், ரீசெட் இரண்டின் வேறுபாட்டை அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். ரீஸ்டார்ட் என்றால் மின்சாரத்தை நிறுத்தி, அரை நிமிடம் விட்டு மறுபடி போடுவது. பெட்டி முழுதாக எழுந்து இணைய சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் திரும்பத் திரும்ப அணைத்தால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கும். ரீசெட் என்பது பின்புறச் சிறு துளைக்குள் ஊசியால் அழுத்துவது. அது வைஃபை பெயர், கடவுச்சொல் மட்டுமல்லாமல், நிறுவனம் பதிந்து வைத்த கணக்குப் பெயரையும் அழித்துவிடலாம். சும்மா கிடந்த பெட்டியை இப்படி ஊசியால் குத்திவிட்டு, ஆள் வந்து மறுபடி பதியும் வரை இணையமில்லாமல் உட்கார்ந்திருக்கும் வீடுகள் ஏராளம். அந்தத் துளையைத் தொடவே வேண்டாம் என்று கட்டம் கட்டிப் போடுங்கள்.

புயல் வரும் நம் கடலூர்க் கரைக்கு இந்த விளக்கங்கள் இன்னும் அவசியம். 2011 டிசம்பர் 30 தானே புயலும் 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலும் கடலூர், புதுச்சேரிப் பக்கம்தான் கரையேறின. கம்பங்களோடு தொங்கும் ஃபைபர் கம்பம் சாய்ந்தால் போய்விடும். வயர் பிழைத்தாலும் மின்சாரம் இருக்காது. இந்தப் பெட்டிகள் பெரும்பாலும் 12 வோல்ட்டில் ஓடுபவை. ரவுட்டருக்கென்றே விற்கும் சிறிய யு.பி.எஸ். இருந்தால் சில மணி நேரம் தாங்கும். வாங்குமுன் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பாருங்கள். வோல்ட் அதே அளவாகவே இருக்க வேண்டும். ஆம்பியர் கூடலாம், குறையக்கூடாது.

வேகம் பற்றிய வரியிலும் பிழை உண்டு: மெகாபிட்டும் மெகாபைட்டும் குழம்பிவிட்டன. 100 எம்.பி.பி.எஸ். என்றால் நொடிக்கு 100 மெகாபிட். கோப்புகளை அளப்பது மெகாபைட்டில். 8 பிட் சேர்ந்தது 1 பைட். ஆக, நொடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட்தான் இறங்கும். 200 எம்.பி.பி.எஸ். திட்டத்துக்குப் பணம் கட்டிவிட்டு, 100க்கு மேல் தாங்காத பழைய ரவுட்டரையோ ரவுட்டரையும் கணினியையும் இணைக்கும் லேன் வயரில் நான்கு கம்பி மட்டும் இணைத்ததையோ வைத்திருப்பவருக்கு எத்தனை முறை சோதித்தாலும் 95 சொச்சம்தான் காட்டும். வைஃபை அலைவரிசைகளில் 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவர்களைத் தாண்டி அதிகம் போகாது, 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், வேகம் குறைவு. பெட்டியை பீரோவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தால் இரண்டுமே கெடும்.

பிளஸ் டூ முடிவு வந்ததும் பிரௌசிங் சென்டர்களில் ‘அப்லோட் ஆகல, நெட் ஸ்லோ’ என்ற குரல் கேட்கும். பல நேரம் குற்றம் இணைப்பில் இல்லை. சில விண்ணப்பங்கள் 50 கே.பி.க்குள் (கிலோபைட்) படம் கேட்கும். கைப்பேசியில் எடுத்த படம் 3 எம்.பி. (மெகாபைட்) இருக்கும், அதாவது ஏறக்குறைய 60 மடங்கு. படத்தைச் சுருக்கினால் உடனே ஏறிவிடும்.

ஐ.பி. முகவரி ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் தரும் எண், 192.168.1.5 என்பது போல. கணினியில் 169.254 என்று தொடங்கும் எண் தெரிந்தால் ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை என்று பொருள். தளத்தின் பெயரைக் கேட்டு அதன் எண்ணைச் சொல்வது டி.என்.எஸ். சேவை. பெட்டியில் விளக்குகள் சரியாக இருந்தும் ஒரு ஆண்ட்ராய்டு கைப்பேசியில் மட்டும் எந்தப் பக்கமும் திறக்காவிட்டால், அதன் அமைப்புகளில் ‘பிரைவேட் டி.என்.எஸ்.’ தானியங்கியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

முகவரிக்கு அருகே பூட்டுப் படம் இருந்தால் நம்பகமான தளம் என்று எழுதியிருப்பதும் ஆபத்து. வழியில் யாரும் படிக்க முடியாதபடி தகவல் பூட்டப்பட்டுப் போகிறது என்பதற்கு மட்டுமே அது அடையாளம். மோசடிக்காரரும் அந்தப் பூட்டை வாங்கலாம். அரசுத் தளமா என்று அறிய, முகவரியில் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு (/) சற்று முன்னால் ‘டாட் கவ் டாட் இன்’ (.gov.in) என்று முடிகிறதா என்று பாருங்கள். நடுவில் எங்காவது இருந்தால் ஏமாறாதீர்கள். இந்தத் திருத்தத்தையும் பெட்டி விளக்குகளின் படத்தையும் அடுத்த இணைப்பிலேயே வெளியிடக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஃபைபர் இணைப்புப் பணியாளர்கள் சிலர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.